மூன்று நீளங்கள் முக்கோணம் ஆகுமா? விடை பிசகும்போது பிழையைக் கண்டறியும் வழிமுறை

மூன்று நீளங்களைக் கொடுத்து, அவற்றைப் பக்கங்களாகக் கொண்ட முக்கோணம் ஒன்று அமையுமா என்று கேட்பது வடிவியலின் மிக எளிய கேள்விகளுள் ஒன்றாகத் தோன்றும். எந்த இரண்டு பக்கங்களின் கூடுதலும் மூன்றாவது பக்கத்தைவிடப் பெரியதாக இருக்கும் என்னும் முக்கோணச் சமனின்மையை யூக்ளிட் தமது 'மூலகங்கள்' நூலின் முதல் புத்தகத்தில் 20-ஆவது தேற்றமாக நிறுவினார். கிரேக்க மெய்யியலாளர் எபிக்யூரஸின் வழிவந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று, 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து யூக்ளிடின் நூலுக்கு உரை எழுதிய புரோக்ளஸ் குறித்து வைத்திருக்கிறார். ஒரு மூலையில் கழுதையையும் இன்னொரு மூலையில் வைக்கோலையும் வைத்தால் கழுதை சுற்றுவழியில் போகாமல் நேராகத்தான் போகும் என்றும், கழுதைக்கே தெரிந்த ஒன்றுக்கு நிறுவல் எதற்கு என்றும் அவர்கள் கேட்டார்களாம். இருந்தும் இந்த விதியைக் கையாளும் நோட்டுப் புத்தகங்களிலும் கணினி நிரல்களிலும் தவறான விடை வந்துகொண்டேதான் இருக்கிறது. விதி தெரியாமல் தவறு செய்பவர்கள் குறைவு; விதியை எந்த எண்களின்மீது, எந்த வரிசையில் செலுத்தினோம் என்பதைக் கவனிக்காமல் தவறுபவர்களே அதிகம்.

ஆகவே, அறிகுறிகளுக்குள் போவதற்கு முன்னால் ஒரு கருவியைக் கையில் எடுத்துக்கொள்வோம். மூன்று நீளங்களையும் ஏறுவரிசையில் எழுதி, அவற்றைச் சிற்றளவு, நடுவளவு, பேரளவு என்று அழைப்போம். சிற்றளவையும் நடுவளவையும் கூட்டி, அதிலிருந்து பேரளவைக் கழித்தால் வருவதை உபரி என்போம். உபரி பூச்சியத்தைவிடப் பெரியதானால் முக்கோணம் உண்டு; பூச்சியமானால் மூன்று கோடுகளும் ஒரே நேர்கோட்டில் படுத்துவிடும்; குறை எண்ணானால் இரண்டு சிறிய கோடுகளின் முனைகள் ஒன்றையொன்று தொடவே மாட்டா. 5, 7, 10 என்ற நீளங்களுக்கு உபரி 2. 3, 5, 9 என்பனவற்றுக்கு உபரி −1. மூன்று சமனின்மைகளையும் தனித்தனியே சோதிக்கத் தேவையில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும்: கூட்டப்படும் இரண்டில் ஒன்று பேரளவாக இருந்துவிட்டால், மிகை நீளங்களைப் பொறுத்தவரை அந்தக் கூடுதல் மூன்றாவது பக்கத்தைவிடப் பெரியதாக இருந்தே தீரும். ஐயத்துக்குரியது பேரளவு தனித்து நிற்கும் அந்த ஒரு சமனின்மை மட்டுமே.

கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் செய்ய வேண்டியது, 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற விடையை ஒதுக்கிவிட்டு உபரியின் மதிப்பை எழுதிப் பார்ப்பது. அந்த எண்ணைப் பார்த்தாலே பிழை எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

அறிகுறி: எந்த எண்களைக் கொடுத்தாலும் 'முக்கோணம் அமையும்' என்றே விடை வருகிறது

1, 1, 100 என்ற நீளங்களைக் கொடுத்துப் பாருங்கள். உபரி −98. இதற்கும் 'ஆம்' என்று விடை வருமானால், மூன்று சமனின்மைகளையும் 'மற்றும்' என்பதற்குப் பதிலாக 'அல்லது' என்பதால் இணைத்திருக்கிறீர்கள் என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். மேலே சொன்னபடி, மிகை நீளங்கள் எவையானாலும் மூன்றில் இரண்டு சமனின்மைகள் தாமாகவே உண்மையாகிவிடும். 'ஏதேனும் ஒன்று உண்மையானால் போதும்' என்ற நிபந்தனை எனவே எதையும் வடிகட்டாது. வாய்மொழியில் 'ஏதாவது இரண்டு பக்கங்களைக் கூட்டினால்' என்று சொல்லிப் பழகுவதே இந்தத் தவறுக்கு வித்தாகிறது. 'ஏதாவது இரண்டு' வேறு, 'எந்த இரண்டானாலும்' வேறு. முன்னதற்கு ஓர் இணை கிடைத்தால் போதும். பின்னதில் எல்லா இணைகளும் தேற வேண்டும்.

அறிகுறி: அதே மூன்று நீளங்களை வரிசை மாற்றிக் கொடுத்தால் விடையும் மாறுகிறது

3, 5, 9 என்று கொடுத்தால் 'இல்லை' என்றும், 5, 9, 3 என்று கொடுத்தால் 'ஆம்' என்றும் வருமானால், முதல் இரண்டின் கூடுதலை மூன்றாவதோடு ஒப்பிடும் ஒரே ஒரு சோதனைதான் நடக்கிறது. பேரளவு கடைசியில் வரும்போது மட்டும் அந்தச் சோதனை சரியாக அமைகிறது. வரிசைப்படுத்தியபின் சோதிப்பது, அல்லது மூன்றையும் சோதிப்பது, இரண்டில் ஒன்றைச் செய்தால் போதும்.

வரிசைப்படுத்திய பிறகும் இதே அறிகுறி தொடர்ந்தால், வரிசைப்படுத்தும் செயற்கூறையே, அதாவது நிரலில் அந்த வேலையைச் செய்யும் பகுதியையே, சந்தேகிக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் எண்களின் பட்டியலை எந்தக் குறிப்பும் தராமல் வரிசைப்படுத்தச் சொன்னால், அது எண்களை எழுத்துச் சரங்களாக மாற்றி அகராதி முறையில் அடுக்கும். 20, 9, 8 என்பவை 20, 8, 9 என்று வந்து நிற்கும், ஏனெனில் '2' என்ற குறி '8'-க்கு முன்னால் வருகிறது. பிறகு முதல் இரண்டின் கூடுதலான 28, கடைசியாக நிற்கும் 9-ஐவிடப் பெரியது என்று சொல்லி, உபரி −3 ஆக இருக்கும் நீளங்களுக்கு முக்கோணச் சான்றிதழ் கிடைத்துவிடும். ஓரிலக்க எண்களை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்தவருக்கு இந்தப் பிழை கடைசிவரை தென்படாது. எண்களை எண்களாக ஒப்பிடும் விதியை வரிசைப்படுத்தும் செயற்கூறுக்கு வெளிப்படையாகத் தந்துவிட வேண்டும்.

அறிகுறி: மூன்றும் சமமாக இருந்தால் மட்டும் ஏற்கிறது; 3, 4, 5-ஐ மறுக்கிறது

பார்ப்பதற்கு விசித்திரமாக இருந்தாலும், காரணம் தெளிவானது: உள்ளீடு எண்ணாக மாறவில்லை. பைத்தானில் விசைப்பலகையிலிருந்து பெறும் உள்ளீடு சரமாகவே வருகிறது. சரங்களைக் கூட்டினால் அவை ஒட்டிக்கொள்ளும். '5'-உடன் '5' சேர்ந்து '55' ஆகும். அது அகராதி முறையில் '5'-க்குப் பின்னால் வருவதால் மூன்று சோதனைகளும் தேறிவிடும். '3'-உடன் '4' சேர்ந்த '34'-ஓ, '5'-க்கு முன்னால் வருவதால் தோற்றுப்போகும். உபரியைக் கணக்கிட முயன்றிருந்தால் இந்தப் பிழை முதல் வரியிலேயே அகப்பட்டிருக்கும், ஏனெனில் சரத்திலிருந்து சரத்தைக் கழிக்கப் பைத்தான் மறுத்துவிடும். கூட்டல் மறைத்த பிழையைக் கழித்தல் காட்டிக்கொடுக்கிறது. கழித்தலின் இந்தக் குணம் பின்னாலும் இரண்டு இடங்களில் நமக்குக் கைகொடுக்கும்.

அறிகுறி: 4, 5, 6 போன்ற நல்ல நீளங்களை 'இல்லை' என்று ஒதுக்குகிறோம்

இது கணினியின் பிழையன்று, நினைவின் பிழை. வர்க்கங்களைக் கூட்டி 16 + 25 = 41 என்றும், அது 36-க்குச் சமமில்லை என்றும் கண்டு 'முக்கோணம் இல்லை' என்று எழுதுபவர், பிதாகரஸ் தேற்றத்தை வேறொரு கேள்விக்கு விடையாகக் கொடுக்கிறார். அந்தத் தேற்றத்தின் மறுதலை, முக்கோணம் செங்கோணமா என்பதைத்தான் சொல்லும். முக்கோணம் உண்டா என்பதைச் சொல்லாது. 4, 5, 6-க்கு உபரி 3, முக்கோணம் உண்டு. சிறிய இரண்டின் வர்க்கக் கூடுதல் 41, பெரியதன் வர்க்கமாகிய 36-ஐவிடப் பெரியது என்பதிலிருந்து அது குறுங்கோண முக்கோணம் என்று மேலும் ஒரு செய்தி கிடைக்கிறது. முதலில் இருப்பை உறுதி செய்துவிட்டு அதன்பின் வகையைக் கேட்பது என்ற வரிசையை மாற்றாமல் இருந்தால் இந்தக் குழப்பம் வராது.

அறிகுறி: 3, 6, 9 போன்ற நீளங்களில் இருவருக்கு இரு விடை வருகிறது

உபரி சரியாகப் பூச்சியம். ஒருவர் 'பெரியது' என்ற குறியையும் மற்றவர் 'பெரியது அல்லது சமம்' என்ற குறியையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பள்ளிக் கணிதத்தில் முக்கோணம் என்றால் ஒரே கோட்டில் அமையாத மூன்று புள்ளிகள் வேண்டும்; எனவே விடை 'இல்லை' என்பதே.

இந்த எண்களையே எடுத்தாண்ட ஒரு பழைய சான்று உண்டு. 1150-ஆம் ஆண்டைச் சேர்ந்த 'லீலாவதி'யில் பாஸ்கராச்சாரியர், நேர்க்கோட்டுப் பக்கங்கள் கொண்ட ஓர் உருவத்தில் ஒரு பக்கத்தைவிட மற்றப் பக்கங்களின் கூடுதல் குறைவாகவோ சமமாகவோ இருந்தால் அது உருவமே அன்று என்று விதிக்கிறார். துணிச்சல்காரன் ஒருவன் சொல்லும் பொருந்தாத உருவங்களுக்கு எடுத்துக்காட்டாக, 3, 6, 2, 12 ஆகிய பக்கங்கள் கொண்ட நாற்கரத்தையும் 3, 6, 9 ஆகிய பக்கங்கள் கொண்ட முக்கோணத்தையும் அவர் தருகிறார். பக்க நீளத்துக்கு ஏற்ற நேரான குச்சிகளை அந்தந்த இடத்தில் வைத்துப் பொருந்தாமையைக் காட்டலாம் என்பது அங்கே சொல்லப்படும் வழி. 'சமமாகவோ' என்ற சொல்லை விடாமல் சேர்த்ததும், விதியை முக்கோணத்தோடு நிறுத்தாமல் நாற்கரத்துக்கும் நீட்டியதும் கவனிக்கத்தக்கவை. பக்கங்கள் எத்தனை ஆனாலும், பேரளவு மற்றவை அனைத்தின் கூடுதலைவிடக் குறைவாக இருந்தால் உருவம் அமையும்.

சில துறைகளில் சமத்தையும் ஏற்பது வழக்கம். இரண்டு இடங்களுக்கு இடையிலான தூரங்களைச் சரிபார்க்கும்போது, மூன்றாவது இடம் நேர்வழியிலேயே அமைந்திருக்கலாம். அங்கே உபரி பூச்சியம் என்பது குற்றமாகாது. ஆனால் சமத்தை ஏற்றுக்கொள்ளும் நிரல் 0, 5, 5 என்பதையும் 0, 0, 0 என்பதையும் உள்ளே விட்டுவிடும். சமத்தை ஏற்காத, வரிசைப்படுத்திய சோதனைக்கு அந்தத் தொல்லை இல்லை: சிற்றளவும் நடுவளவும் சேர்ந்து பேரளவை மிஞ்சுகிறது என்றால், பேரளவு நடுவளவுக்குக் குறையாதது என்பதால், சிற்றளவு பூச்சியத்துக்கு மேற்பட்டதாகத்தான் இருக்க முடியும். குறை எண்களைத் தனியே வடிகட்டாமல் இந்த ஒரே சோதனை அந்த வேலையையும் செய்துவிடுகிறது.

அறிகுறி: கவராயத்தால் வரையும்போது விற்கள் சந்திக்கவில்லை

இங்கே உடனே 'முக்கோணம் இல்லை' என்று முடிவு கட்டிவிடக் கூடாது. விற்கள் சந்திக்காமல் போவதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன.

முதலாவது, நீளங்களே பொருந்தாதது. 9 செ.மீ. கோட்டை அடிப்பக்கமாக வரைந்து அதன் முனைகளிலிருந்து 3 செ.மீ., 5 செ.மீ. ஆரங்களில் வட்டங்கள் வரைந்தால், இடையே 1 செ.மீ. இடைவெளி விழும். அந்த இடைவெளி உபரியின் அளவேதான், குறை எண்ணாக வந்த −1. அதே நீளங்களில் 5 செ.மீ. கோட்டை அடிப்பக்கமாக எடுத்தால் காட்சி மாறிவிடும்: 3 செ.மீ. வட்டம் முழுவதும் 9 செ.மீ. வட்டத்துக்குள் அடங்கிக் கிடக்கும். மாணவர்கள் பலர் இதை வேறொரு சிக்கல் என்று எண்ணி மறுபடியும் மறுபடியும் வரைந்து பார்ப்பார்கள். இரண்டு வட்டங்களும் மிக நெருங்கும் இடத்தில் அளந்தால் அங்கேயும் அதே 1 செ.மீ. இடைவெளிதான் இருக்கும். பேரளவையே அடிப்பக்கமாக வைக்கும் பழக்கம், தோல்வியை எப்போதும் ஒரே வடிவில் காட்டும்.

இரண்டாவது, வில் போதிய நீளம் வரையப்படாதது. 3, 5, 7 என்ற நீளங்களில் 3 செ.மீ. கோட்டை அடிப்பக்கமாக எடுத்தால், மூன்றாவது உச்சி அடிப்பக்கத்துக்கு நேர்மேலே வராது. அதிலிருந்து இறக்கும் செங்குத்து, அடிப்பக்கத்தின் முனையைத் தாண்டி 2.5 செ.மீ. வெளியே விழும். ஏனெனில் இது 120° விரிகோணம் கொண்ட முக்கோணம். கோட்டுக்கு மேலே மட்டும் சிறு விற்களைப் போட்டவர், உபரி 1 இருந்தும் முக்கோணம் இல்லை என்று எழுதிவிடுவார்.

மூன்றாவதுதான் நுட்பமானது. உபரி மிகச் சிறியதாக இருக்கும்போது விற்கள் ஒன்றையொன்று வெட்டாமல் தழுவிச் செல்வதுபோல் தெரியும். பென்சில் கோட்டின் தடிமனே சந்திப்பை விழுங்கிவிடும். ஆனால் இந்த மெல்லிய முக்கோணங்கள் நாம் நினைக்கும் அளவுக்குத் தட்டையானவை அல்ல. 50, 50, 99.9 செ.மீ. என்பனவற்றில் உபரி ஒரு மில்லிமீட்டர்தான். உயரமோ 22 மில்லிமீட்டருக்கும் மேல். உபரியைப் பத்தில் ஒரு மில்லிமீட்டராகக் குறைத்து அடிப்பக்கத்தை 99.99 ஆக்கினாலும் உயரம் 7 மில்லிமீட்டர் இருக்கும். உபரி பத்தில் ஒரு பங்காகக் குறையும்போது உயரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகவே குறைகிறது, ஏனெனில் அது உபரியின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்கிறது. இதையே திருப்பிச் சொன்னால், அளவெடுப்பதில் நேரும் அணுவளவு பிழையும் படத்தில் பெரிதாகத் தெரியும். இத்தகைய இடங்களில் படத்தை நம்பாமல் கணக்கை நம்புவதே முறை.

அறிகுறி: மிகப் பெரிய முழு எண்களில் மட்டும் விடை பிசகுகிறது

2000000000 என்ற ஒரே நீளத்தை மூன்று முறை கொடுங்கள். சமபக்க முக்கோணம் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் 32 பிட் (32 இரும இலக்கங்களில் அடங்கும்) முழு எண்களைப் பயன்படுத்தும் ஜாவா நிரல் 'இல்லை' என்று சொல்லும். அந்த வகை எண்ணில் அடங்கும் மிகப் பெரிய மதிப்பு 2147483647. இரண்டு பக்கங்களின் கூடுதலாகிய 4000000000 அதில் அடங்காமல் நிரம்பி வழிந்து, −294967296 என்று வந்து நிற்கிறது. சி மொழியில் குறியுள்ள முழு எண் இப்படி வழிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மொழியின் விதிகள் எந்த உறுதியும் தருவதில்லை; அங்கே விடை தற்செயலாகச் சரியாக வந்தாலும் அதை நம்ப முடியாது.

64 பிட் எண்ணுக்கு மாறுவது ஒரு தீர்வு. அதைவிட எனக்குப் பிடித்தது, கூட்டலையே தவிர்ப்பது. நீளங்கள் மிகை எண்கள் என்பதை உறுதி செய்துகொண்டு, பேரளவிலிருந்து நடுவளவைக் கழித்து, அந்த வித்தியாசம் சிற்றளவைவிடக் குறைவா என்று பாருங்கள். மிகை எண்களைக் கழிக்கும்போது விடை எப்போதும் எல்லைக்குள்தான் இருக்கும். வழிவதற்கு இடமே இல்லை.

அறிகுறி: தசம எண்களில் 0.1, 0.2, 0.3 முக்கோணம் ஆகிவிடுகிறது

இந்த அறிகுறியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனெனில் பலர் இதைக் கணினியின் கூட்டல் பிழை என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். கணினிகள் தசம எண்களைச் சேமிக்கும் முறையை வகுத்து 1985-இல் வெளியான ஐஇஇஇ 754 தரத்தைப் பின்பற்றும் இரட்டைத் துல்லிய (64 பிட்) எண்களில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வரும். அது 0.3-ஐவிடப் பெரியது என்பதால் முக்கோணம் என்று விடை வருகிறது. ஆனால் கூட்டலைத் திருத்திப் பயனில்லை. இந்த மூன்று எண்களில் எதையும் இரும எண்முறையில் முடிவுறும் எண்ணாக எழுத முடியாது, கணினி 0.1-க்கும் 0.2-க்கும் சற்றே மிகையான மதிப்புகளையும், 0.3-க்குச் சற்றே குறைவான மதிப்பையும் சேமிக்கிறது. சேமிக்கப்பட்ட அந்த மூன்று எண்களும் உண்மையிலேயே ஒரு முக்கோணத்தை, நம்ப முடியாத அளவுக்கு மெல்லியதான ஒன்றை, அமைக்கின்றன. கணினி தன்னிடம் உள்ள எண்களைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது. நாம் கேட்ட எண்கள் அதனிடம் இல்லை, அவ்வளவுதான்.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 0.1-ஐயும் 0.7-ஐயும் கூட்டினால் 0.7999999999999999 வருவதால், சமத்தை ஏற்கும் சோதனைகூட 0.1, 0.7, 0.8 என்பதை மறுத்துவிடும்.

தீர்வு, கேள்வியைப் பொறுத்தது. கொடுக்கப்பட்ட தசமங்கள் துல்லியமானவை என்றால், எல்லாவற்றையும் பத்தாலோ நூறாலோ பெருக்கி முழு எண்களாக்கி விடுங்கள். 1, 2, 3 என்றான பிறகு உபரி பூச்சியம் என்பதில் எந்த மயக்கமும் இராது. பெருக்குவதைக்கூட மிதவைப் புள்ளி எண்ணாக (மேலே சொன்ன இரும வடிவத் தசம எண்ணாக) மாறுவதற்கு முன்னால், எழுத்து வடிவிலிருந்தே செய்வது நல்லது. பைத்தானில் உள்ள, தசமங்களைத் தசமமாகவே சேமிக்கும் டெசிமல் வகையைப் பயன்படுத்தினாலும் இதே பயன் கிடைக்கும்.

கூட்டலே பிழையாகும் இடமும் உண்டு. 10000000000000000, 10000000000000000, 1 என்பது இருசமபக்க முக்கோணம், உபரி 1. ஆனால் இரட்டைத் துல்லிய எண்களில் 9007199254740992-க்கு மேல் எல்லா முழு எண்களுக்கும் இடமில்லை. 10 ஆயிரம் இலட்சம் கோடியாகிய பெரிய எண்ணோடு 1-ஐக் கூட்டினால் அந்த 1 காணாமல் போய்விடும். கூட்டிப் பார்ப்பவருக்கு 'இல்லை' என்று விடை வரும். கழித்துப் பார்ப்பவருக்குப் பேரளவுக்கும் நடுவளவுக்கும் வித்தியாசம் 0 என்றும், அது 1-ஐவிடக் குறைவு என்றும் சரியாக வரும். இது தற்செயல் அன்று. பேரளவு நடுவளவின் இரண்டு மடங்குக்குள் இருந்தால் அந்தக் கழித்தலில் பிழை ஏதும் சேராது. இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டால் வித்தியாசம் நடுவளவுக்கே குறையாது என்பதால் எப்படியும் விடை 'இல்லை'தான். ஆகவே, சேமிக்கப்பட்ட எண்களைப் பொறுத்தவரை கழித்தல் சோதனை தவறவே தவறாது. மெல்லிய முக்கோணங்களின் பரப்பைக் கணக்கிட இதே கழித்தலை மையமாக வைத்துச் சூத்திரத்தை மாற்றி எழுதிக் கொடுத்தவர், அந்த 754 தரத்தை வடிவமைப்பதில் முதன்மைப் பங்காற்றிய வில்லியம் கஹான்.

அறிகுறி: வர்க்கமூலங்களோ π-யோ வரும்போது தோராயத்துக்குத் தோராயம் விடை மாறுகிறது

√2, √3, π என்ற நீளங்கள் இதற்கு அழகான எடுத்துக்காட்டு. இரண்டு தசம இடங்களோடு நிறுத்தினால் 1.41 + 1.73 = 3.14, π-யும் 3.14, எனவே முக்கோணம் இல்லை என்று எழுதத் தோன்றும். மூன்றாவது இடத்தையும் சேர்த்தால் 1.414 + 1.732 = 3.146 என்று வந்து 3.142-ஐத் தாண்டிவிடுகிறது. உபரி ஏறக்குறைய 0.0047, முக்கோணம் உண்டு. தோராயமாக்கியதால் ஒவ்வொரு பக்கத்திலும் நேரக்கூடிய பிழைகளின் கூடுதலைவிட உபரி தெளிவாகப் பெரியதாகும்வரை தசம இடங்களைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

அப்படிப் போயும் உபரி பூச்சியத்தை விட்டு விலகவே இல்லை என்றால், அது உண்மையிலேயே பூச்சியமாக இருக்கலாம்; எத்தனை தசமங்கள் எழுதினாலும் அதை உறுதி செய்ய முடியாது. √2, √8, √18 என்பன அத்தகையவை. இங்கே வர்க்கமூலங்களைக் கணக்கிடாமலே தீர்ப்புச் சொல்லலாம். மூலக்குறிக்குள் உள்ள எண்களில் பெரியதிலிருந்து மற்ற இரண்டையும் கழியுங்கள்: 18 − 2 − 8 = 8. இது குறை எண்ணானால் முக்கோணம் உடனே உறுதி. இல்லையென்றால் இதன் வர்க்கத்தை, சிறிய இரண்டின் பெருக்கற்பலனின் நான்கு மடங்கோடு ஒப்பிடுங்கள். நான்கு மடங்கு பெரியதானால் மட்டுமே முக்கோணம் உண்டு. இங்கே வர்க்கமும் 64, நான்கு மடங்கும் 64. உபரி துல்லியமாகப் பூச்சியம். 18-க்குப் பதில் 17 இருந்தால் 49-க்கு எதிரே 64 நிற்கும், முக்கோணம் அமையும்.

அறிகுறி: பரப்பையோ கோணத்தையோ கணக்கிடும்போது நிரல் முறிகிறது

மூன்று பக்கங்களிலிருந்து பரப்பைத் தரும் ஹெரான் சூத்திரத்தில் மூலக்குறிக்குள் குறை எண் வந்தாலும், கொசைன் மதிப்பு −1-க்குக் கீழே போனாலும், சோதனை செய்யாமலே கணக்குத் தொடங்கிவிட்டது என்று பொருள். 1, 2, 4 என்பதற்கு மூலக்குறிக்குள் −6.5625 வரும், பேரளவுக்கு எதிர்க்கோணத்தின் கொசைன் −2.75 என்று வரும். முறிந்து நிற்கும் நிரலாவது பிழையைச் சொல்லிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் குறை எண்ணின் வர்க்கமூலம் 'எண் அல்ல' என்னும் சிறப்பு மதிப்பாக வந்து அமைதியாகத் தொடரும். அந்த மதிப்பை எதனோடு பெரிது, சிறிது என்று ஒப்பிட்டாலும் விடை 'பொய்' என்பதால், 'பரப்பு பூச்சியமோ அதற்குக் குறைவோ ஆனால் மறுத்துவிடு' என்று எழுதிய காவலை அது தாண்டிப் போய்விடும்.

ஹெரான் சூத்திரத்தின் மூலக்குறிக்குள் வருவது மிகை எண்ணா என்பதையே முக்கோணச் சோதனையாக வைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மிகை நீளங்களுக்கு அது சரியாகவே வேலை செய்யும். ஆனால் −3, −4, −5 என்று கொடுத்தால், சூத்திரத்தில் பெருக்கப்படும் நான்கு எண்களும் (அரைச் சுற்றளவும், அதிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்து வருபவையும்) குறை எண்களாக இருந்தும், அவற்றின் பெருக்கற்பலன் 36 ஆகி, பரப்பு 6 என்ற நேர்த்தியான விடையோடு பொய் முக்கோணம் ஒன்றை நம் கையில் கொடுத்துவிடும்.

அறிகுறி: மூன்றாவது பக்கத்துக்கு எத்தனை முழு எண் மதிப்புகள் என்ற கணக்கில் விடை ஒத்துவரவில்லை

இரண்டு பக்கங்கள் 7, 10 எனில் மூன்றாவது பக்கம் 3-க்கு மேலும் 17-க்குக் கீழும் இருக்க வேண்டும். 4 முதல் 16 வரை 13 மதிப்புகள். உங்களுக்கு 15 வந்திருந்தால் இரு எல்லைகளையும் சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். 16 வந்திருந்தால் கீழ் எல்லையையே மறந்துவிட்டீர்கள். முழு எண் பக்கங்களில் சரியான எண்ணிக்கை எப்போதும் சிறிய பக்கத்தின் இரண்டு மடங்குக்கு ஒன்று குறைவாக இருக்கும் என்பதை வைத்து விடையைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: உபரி நம்ப முடியாத அளவுக்குப் பெரிய குறை எண்ணாக வருகிறது

3, 250, 90 என்பதற்கு உபரி −157. இப்படி ஒரு பக்கம் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனித்து நின்றால் அலகுகளைப் பாருங்கள். முதல் அளவு 3 மீட்டரும் மற்றவை சென்டிமீட்டரும் என்றால், நீளங்கள் 300, 250, 90; உபரி 40.

அறிகுறி: அளந்து எடுத்த நீளங்களில் விடை ஒரு நாள் 'ஆம்', மறுநாள் 'இல்லை'

4.0, 5.0, 9.0 செ.மீ. என்று அளவுகோல் காட்டுகிறது. ஒவ்வோர் அளவிலும் அரை மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று கொள்வோம். மூன்று பிழைகளும் ஒரே திசையில் சேர்ந்தால் உபரி −0.15-க்கும் +0.15-க்கும் இடையே எங்கும் இருக்கலாம். இங்கே 'ஆம்' என்பதும் 'இல்லை' என்பதும் ஒருசேரத் தவறு. 'இந்த அளவுகளிலிருந்து முடிவு சொல்ல இயலாது' என்ற மூன்றாவது விடைக்கு நிரலில் இடம் வைக்க வேண்டும்: உபரி, மொத்தப் பிழை வரம்பைத் தாண்டி மிகையாக இருந்தால் உண்டு, தாண்டிக் குறையாக இருந்தால் இல்லை, நடுவில் இருந்தால் இன்னும் நுட்பமான கருவியால் மறுபடி அளக்க வேண்டும். நிரலில் 'இவ்வளவு பிழை இருக்கலாம்' என்று சிறிய விலக்கு மதிப்பு ஒன்றை மனம்போனபடி போட்டுவைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அந்த மதிப்பு அளவுகோலின் பிழையிலிருந்து வந்ததாக இருந்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

அறிகுறி: உபரி தாராளமாக இருந்தும் உலகப் படத்தில் முக்கோணம் அமையவில்லை

மூன்று இடங்கள் ஒன்றுக்கொன்று 15,000 கி.மீ. தொலைவில் இருக்கின்றன என்று ஒரு பட்டியல் சொல்கிறது. சமபக்கம், உபரி 15,000. ஆயினும் உலக உருண்டையின்மேல் அப்படி மூன்று இடங்களைக் காட்ட முடியாது. கோளப் பரப்பில் முக்கோணச் சமனின்மையோடு இன்னொரு நிபந்தனையும் உண்டு: மூன்று பக்கங்களின் கூடுதல், கோளத்தின் பெருவட்டச் சுற்றளவைவிட (கோளத்தின்மேல் வரையக்கூடிய மிகப் பெரிய வட்டத்தின் சுற்றளவைவிட) குறைவாக இருக்க வேண்டும். பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ.; இங்கே கூடுதல் 45,000. சமதளத்துக்கு இந்த இரண்டாவது எல்லை கிடையாது என்பதால், தாளில் பழகிய கண் அதைத் தேடுவதில்லை. பட்டியலில் உள்ள தூரங்களில் ஒன்றாவது நேர்வான்வழித் தூரமாக இல்லாமல் சுற்றுவழித் தூரமாக இருக்கிறதா என்பதை அங்கே முதலில் பார்க்க வேண்டும்.